போதும் என்ற சேதி

திருச்செந்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். உப்பளங்களைத் தாண்டும்போது அக்கா சொன்னது காதில் விழுந்தது.

"ஏளா, ஒடம்புக் கொழுப்பு மூளைகிட்ட பேசுமாம். டாக்டர் சொல்லுதாரு."

"என்னன்னு பேசும்?"

"வயிறு நெறைஞ்சிட்டு, போதும்னு. கொழுப்புல ஊறுத ஹார்மோன் ரத்தத்துல போயி சொல்லுமாம். துறைமுக வேலையை விட்டதுல இருந்து உங்க அத்தானுக்கு வயிறு பெருத்துப் போச்சில்லா, அந்தச் சேதி மூளையில ஏறலியாம். ஞாபகமும் கூடச் சேர்ந்து கெடலாம்னாரு."

"சாப்பிட்டதை மறந்துருதாரா?"

"மறந்தாப் பரவாயில்லையே. சாப்பிட்டு எந்திரிச்சு பீரோ கண்ணாடியைக் காட்டி, 'அவன்தான் சாப்பிட்டான், நான் இன்னும் சாப்பிடல'ங்காரு. பயந்துபோயி கண்ணாடியைச் சேலையால மூடுனேன். இப்போ, 'உள்ள இருக்கவன் பசியில கெடக்கான்'னு அதுக்கு முன்னால ஒரு தட்டுச் சோறு வைக்காரு."

தங்கை குரலைத் தாழ்த்தி, "அந்தச் சோத்தை யாரு எடுக்கா?" என்றாள்.

"அவரு தூங்குனதும் நான்தான் எடுப்பேன். நேத்து மத்தியானம் அவரு கட்டில்ல அசந்து தூங்குதாரு. நான் அடுப்படியில இருந்து வந்து பாக்கேன், தட்டு காலியா இருக்கு. சேலை கீழ கெடக்கு."