காலித் தீவின் குழாய்கள்

குழாயைச் சரியாக மூடாமல் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சின்ன விஷயம்தான். ஆனால் இந்த விசாரணை அறைக்கு வெளியே ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கிறது. யாராவது போய் மூடிவிட்டு வந்தால் நிம்மதியாகப் பேசுவேன். நன்றி.

தீவுகள் வளர்ச்சி அலுவலகத்தில் திட்டம் போடுவது என் வேலை. சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகளின் மக்களைப் பெரிய தீவுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நல்ல வீடு எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொடுக்க வேண்டும். இதைக் கெட்ட திட்டம் என்று ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, என் அக்காவைத் தவிர.

அவள் கடைசித் தீவில் இருந்தாள். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். மற்றத் தீவுகள் எல்லாம் கிளம்பிய பிறகும் அவளும் அத்தானும் அசைந்து கொடுக்கவில்லை. அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருநாள் நானே போய் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் அழகாத்தான் போட்டிருக்க. இதுல எங்க வீடு எங்கடா?"

"எங்க வீட்டு மாடியிலயே உனக்கு ரூம் கட்டியிருக்கேன்கா. ஜன்னலைத் தொறந்தா கடல்."

"இங்க கதவைத் தொறந்தாலே கடல்தானடா."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே எனக்கு வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று வைத்திருந்தோம். வீட்டுக்கு வீடு மீட்டர். தண்ணீர் பிடிக்கிற வீடு என் திரையில் நீலப் புள்ளி. பிடிக்காத வீடு சாம்பல் புள்ளி. எல்லாப் புள்ளியும் சாம்பலாகிவிட்டால் தீவு காலி என்று நான் உறுதி செய்ய வேண்டும். பிறகு தண்ணீர், மின்சாரம், போன் கோபுரம், படகு எல்லாம் தானாகவே நின்றுவிடும். ஸ்மார்ட் திட்டம் என்றால் அதுதான். எங்கள் மின்படகுச் சேவை வந்தபோதே மீனவர்களின் பழைய படகுகளை விலைக்கு வாங்கி உடைத்திருந்தோம்.

எங்களை வெட்கப்பட வைக்க நினைத்து அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஊர் கூடிப் பேசி, எல்லோரும் ஒன்றாகக் குழாயை மூடிவிட்டார்கள். அக்கா போனில் சொன்னாள்: "உங்க தண்ணி எங்களுக்கு வேணாம்டா. தொட்டியில மழைத்தண்ணி கெடக்கு. பெரிய ஆபீசருங்க வந்து நேர்ல கேக்கட்டும், அப்பத் தொறக்கறோம்." குரலில் அத்தனை சந்தோஷம்.

திரையில் தீவு முழுக்கச் சாம்பலானது. அக்கா சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை; அவர்கள் இன்னும் அங்கே இருப்பது அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் காலி என்று உறுதி செய்தேன்.

படகை நிறுத்திவிட்டு அவர்கள் எப்படி வருவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் எதிர்பார்த்தது அவர்கள் மனம் மாற வேண்டும் என்பதை. வருவது அப்புறம்தானே.

கோடை கடுமையாக இருந்தது. பெரிய தீவில் புதுக் குடியிருப்பின் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் என்ஜினியர் என்னைக் கூப்பிட்டாள். மீட்டருக்குச் சொந்த பேட்டரி உண்டு. தண்ணீர் வராவிட்டாலும், போன் கோபுரம் நின்றுவிட்டாலும், குழாய் திறந்தால் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிவிடும்.

"சார், காலித் தீவுல எல்லா வீட்டுக் குழாயும் தொறக்குது சார். மூடவே மாட்டேங்குது."

மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்றே படகு அனுப்பியிருந்தால் அக்கா என் மாடியறையில் இருந்திருப்பாள். விழா நின்றிருக்கும். வரைபடம் மறுபடி மேசைக்கு வந்திருக்கும்.

"உப்புக்காத்துல மீட்டர் போயிருக்கும்மா. பழுதுன்னு போட்டுடு" என்றேன். அந்தப் பெண் மேல் தவறில்லை. அவளை விட்டுவிடுங்கள்.

விழா நன்றாக நடந்தது. மாலை போட்டார்கள். அதன் பிறகுதான் படகு எடுத்துக்கொண்டு போனேன். துறையில் கட்டைகளைக் கட்டி மிதவை ஒன்று செய்யப் பார்த்திருந்தார்கள், பாதியில் கிடந்தது. அத்தான் அதன் பக்கத்தில் கிடந்தார். அக்கா வீட்டுக்குள், குழாயடியில், மடியில் சொம்போடு சுவரில் சாய்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கு நம்பிக்கை வராது.

உயிரோடு ஒருவரும் இல்லை. அவர்கள் இருப்பது தெரிந்தே காலி என்று உறுதி செய்தது நான். தாகத்தில் தவிப்பது தெரிந்தே பழுது என்று போடச் சொன்னதும் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் வீடு வீடாகப் போய் எல்லாக் குழாயையும் மூடியது நான்தான். அத்தனை பேர் இருந்த ஊரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.