தறிக்குழி தோண்டின வீடுகள்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோ. எதிர் சீட்டில் நெசவு வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். இளையவள் சொன்னாள்:

“உன்னப் பாத்தா வயிறு எரியுதுக்கா.”

“ஏம்மா?”

“எத்தினி வாடகை வூடு மாறிட்டேன். போற வூட்டுலல்லாம் தறிக்குக் குழி தோண்டுறோம். காலி பண்றப்போ வூட்டு ஓனருங்க குழிய மூடிட்டுப் போன்னு சொல்றாங்க. உங்கப்பா வூட்டோட மாப்ள. நீயும் அங்கியே தாய்மாமனைக் கட்டிக்கினு, பொறந்த வூட்டுலயே குந்திக்கினு இருக்குற.”

மூத்தவள் கேட்டாள்:

“புருசனோட சண்டைன்னா நீ என்னா பண்ணுவ?”

“பையத் தூக்கிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்.”

“எனக்கு அங்கதாண்டி வயிறு எரியுது. நானும் பையோட கெளம்பியிருக்கேன். தெருமுனை வரைக்கும் போயிட்டு, அம்மா வூட்டுக்குத் திரும்பி வந்தேன்.”