வில்மாவுக்கு டேக் கிடையாது

நான் ஒரு ரசீதைக்கூடக் கசக்கி எறிகிறவன் இல்லை, மேடம். மடித்துத்தான் குப்பையில் போடுவேன். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஜோலீன் தன்னுடைய கஞ்சாப் பண்ணையில் கணினிப் பொறுப்பை என்னிடம் விட்டார்.

நீங்கள் அரசாங்க ஆய்வாளர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் வாங்கிய பண்ணையில் செடிக்குச் செடி எண் போட்ட டேக் தொங்கும். முளைத்ததிலிருந்து கடைக்குப் போகிறவரை, இல்லை அழுகிக் குப்பைக்குப் போகிறவரை, ஒவ்வொன்றின் ஜாதகமும் உங்கள் கணினியில் ஏறியாக வேண்டும். பலர் இதைத் தலைவலி என்பார்கள். எனக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வருவதே இதனால்தான்.

எங்கள் தோட்டக்காரன் டுவேன் வேறு ரகம். டேக்கைக் கட்டச் சொன்னால் பல் குத்துவான். ஆனால் பசுமைக்குடிலுக்குப் பின்னால் அவன் வளர்த்த பரங்கிக்காயை மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். பெயர் வில்மா. கன்றுக்குட்டி அளவு இருப்பாள். வெயிலுக்குக் குடை, பனிக்குப் போர்வை, காலையில் கொஞ்சம் பால். கண்காட்சி எடைப் போட்டிக்காகத்தான் இத்தனையும். நீங்களும் தோட்டம் போடுகிறவர்தானே, நகத்தில் மண் தெரிகிறது. அந்த அருமை உங்களுக்குப் புரியும்.

கண்காட்சி வாரத்தில் ஒரு வரிசைச் செடிகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. மறுநாள் நீங்கள் வருவதாகத் தகவல். ஜோலீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நாளைக்கு அந்தம்மா வராங்க, எமெட். ஒரு இலை கணக்குல இடிச்சாலும் லைசென்ஸ் போயிடும். நீ என்ன பண்ணுவியோ, எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் வாயால் சொன்னது அது. என்ன பண்ணுவியோ.

செடிகளைப் பிடுங்கி எடை போட்டேன். அப்படியே குப்பையில் கொட்ட முடியாது, யாராவது பொறுக்கிப் புகைத்துவிடுவார்கள். அரைத்து, அதே எடைக்கு வேறு குப்பையைக் கலக்க வேண்டும். வழக்கமாக வைக்கோல் கலப்போம். அந்த வாரம் பார்த்து வைக்கோல் முழுவதையும் சர்ச்சுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கொடுத்தனுப்பியது நான்தான். தர்ம காரியம். காய்ந்த இலைகளையும் முந்தின நாள் எரித்துவிட்டேன், கொசுத்தொல்லை. அட்டைப்பெட்டி கிடந்ததே என்று கேட்பீர்கள். கிடந்தது. எனக்கு ஏனோ அட்டைப்பெட்டியில் நம்பிக்கை இல்லை.

டுவேன் அப்போது வில்மாவைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக டிரெய்லர் இரவல் வாங்கப் போயிருந்தான், மறுநாள்தான் திரும்புவான். நான் ஃபோர்க்லிஃப்ட்டை எடுத்தேன். முதலில் போர்வையை உருவி, நாலாக மடித்துத் திண்டின் மேல் வைத்தேன். பிறகு மின்ரம்பம். சத்தம் அதிகம் இல்லை. ஈரமான சத்தம்தான். அரைக்கும் இயந்திரம் ஒரே ஒரு தடவை திணறியது, காம்பு வரும்போது.

கணினியில் ‘என்ன கலந்தீர்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘காய்கறிக் கழிவு’ என்று போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அரசாங்கத்திடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ‘பரங்கிக்காய், ஒன்று’ என்று அடித்தேன். யோசித்துப் பாருங்கள், மேடம். அந்தப் பண்ணையில் டேக் இல்லாமல் வளர்ந்த உயிர் அவள் ஒருத்திதான். பிறந்ததற்கு எங்கேயும் பதிவில்லை. செத்ததற்காவது கிடைத்ததே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

மறுநாள் அந்த வரியை நீங்கள்தான் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தீர்கள். டுவேன் போர்வையைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை.

"அவ பேரைக்கூடப் போடலையாடா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குக் கட்டம் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். உண்மையிலேயே இல்லை, நீங்கள் மேலிடத்தில் சொல்லி ஒன்று சேர்க்கலாம்.

எல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று நீங்களே கையெழுத்துப் போட்டீர்கள். அப்புறமும் ஊரில் பொறாமை என்று பேசுகிறார்கள். போன வருஷம் டுவேனுக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். "சிவப்பு ரிப்பன் உன் மூஞ்சிக்கு எடுப்பாத்தான்டா இருக்கு" என்றான், மேடையில் வைத்து. நான் சிரித்தேன். அதை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவன் அன்றைக்குப் போட்டிருந்தது கட்டம் போட்ட பச்சைச் சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை.

சனிக்கிழமை போட்டியில் டுவேன் கலந்துகொள்ளவில்லை. என் காயைத் தராசில் ஏற்றினார்கள். கூட்டம் கைதட்டியது. என் வாழ்க்கையில் அப்படிக் கைதட்டிக் கேட்டதில்லை. முதல் பரிசுக்கான நீல ரிப்பனை மாட்ட வீட்டுச் சுவரில் ஆணிகூட அடித்துவைத்திருந்தேன். அப்புறம் கடைசியாக ஒரு காய் வந்தது, உங்களுடையது. நீங்கள் இத்தனை பெரியதாக வளர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

வாழ்த்துகள், மேடம். சிவப்பு ரிப்பன் இதோ சட்டைப்பையில் இருக்கிறது, மடித்து வைத்திருக்கிறேன். எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

ஒரே ஒரு விஷயம், வேலை சம்பந்தமாக. பக்கத்து வரிசையிலும் பூஞ்சை ஏறியிருக்கிறது, கலக்கப் பண்ணையில் ஒன்றுமே இல்லை. உங்கள் காயை வீட்டில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்?