சிவப்புக் கோட்டுக்குக் கீழே

— திரும்பவும் செல்றன், கேளுங்க ஜனா. ஒங்கட வெள்ள எச்சரிக்கை வெப்சைட்டை என்ட போன் வாசிக்கிது: “படம். படம். படம்.” மழை கொட்டுது, ஆத்துத் தண்ணி எவ்வளவுன்டு கேட்டா, படமாம்!

— ஹப்ஸா அக்கா, அது சும்மா படமில்ல, கிராஃப். நல்ல வடிவாச் செய்தனான். ஏழு விதமான நீலம்.

— ஏழு நீலமா! மாஷா அல்லாஹ். பொறந்ததிலீந்து கண்ணு தெரியாத எனக்கு எது நல்லா எடுப்பா ஈக்கும்?

— பகிடி பண்ணாதேங்கோ. அந்த டிசைனுக்கு அவார்டும் கிடைச்சது.

— அவார்டுக்கு நீந்தத் தெரியுமா? போன மழைக்கு நீங்க வெள்ளவத்தையில ஏசிக்குள்ள நீலம் பூசின நேரம், தெமட்டகொடையில எங்கட ஊட்டுக்குள்ள தண்ணி வந்த. கட்டில்லீந்து கால கீழ வெச்சுத்தான் நான் ஒங்கட கிராஃப் பாத்த. முழங்கால் மட்டத்துக்கு ஈந்திச்சி.

— பக்கத்து வீட்டில ஆரையும் கேட்டிருக்கலாமே?

— கேட்ட. “கொஞ்சம் கூடியீக்கி”ன்டாங்க. கொஞ்சம்ன்டா எத்தின அடி? அது அவங்கட கண்ணுக்கும் தெரியல்ல.

— சரி, கோவிக்காதேங்கோ. இண்டைக்கு உங்களுக்காகவே ஒரு வேலை செய்தனான். படத்துக்குக் கீழ நம்பரையெல்லாம் எழுத்தில போட்டிருக்கிறன். ஆத்தில பூட்டின மீட்டரில இருந்து நேர வரும். போனை வாசிக்க விடுங்கோ.

— பொறுங்க... ஆ, வாசிக்கிது! அபாய மட்டம் ஏழடி. இப்ப... எட்டடி. இன்னம் ஏறுதாம். ஜனா, எட்டடியாம்! உம்மாவ மேல் மாடிக்கு ஏத்தோணும்.

— பதறாதேங்கோ அக்கா, உங்கட போன் பிழையா வாசிக்குது. நான் படத்தைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். தண்ணிக் கோடு அபாய மட்டச் சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவோ கீழ நிக்குது.

— கண்ணுள்ள மனிசன் செல்றீங்க, நம்பத்தானே வேணும். அந்தப் படமும் மீட்டர்லீந்து நேராவா வருது?

— இல்ல, அது... காலமை ஒருக்கா நான்தான் கையால மாத்துறனான். பிறகு அடுத்த நாள்தான்...

— ஜனா? அப்ப எட்டடிதான் சரி! உம்மா, எழும்புங்க, மேல போவோம்!

— அக்கா... இப்ப பன்னிரண்டாயிரம் பேர் அந்தப் படத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்.