அவருக்கு ஆகாத சத்தம்

— உள்ள வாங்க இன்ஜினியரம்மா, வாசல்லயே நின்னு மன்னிப்புக் கேட்டா எப்படி? எங்க வீட்டுக்காரர் இப்பதான் கண்ணசந்தாரு. மெதுவாப் பேசலாம்.

— ரெண்டே வார்த்தைதான்க்கா. நகராட்சி ஆபீஸ்லேர்ந்து கடிதம் வர்றதுக்கு முன்னாடி நானே நேர்ல சொல்லிடணும்னு வந்தேன். உங்க வீட்டுக்குப் பின்னாடி காலி இடத்துல ஸ்கேட்டிங் பார்க் வராது. கைவிட்டாச்சு.

— வராதா?

— வராது. நாளைக்கு சேர்மன் கையெழுத்துப் போட்டார்னா முடிஞ்சுது. இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம், சரிங்களா?

— ம்ம். டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?

— ஒண்ணும் வேண்டாம்க்கா, உக்காருங்க. சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்கிப் போச்சு?

— சந்தோஷந்தான். என்னமோ போங்க, தூக்கம் சரியா இல்ல. அந்த இடத்துல அப்புறம் என்னதான் வரப் போகுது?

— வண்டி நிறுத்துற இடம்.

— வண்டி மட்டும் என்ன, பூனை மாதிரியா வந்து நிக்கும்? சரி, அது கிடக்கட்டும். அந்தப் பசங்க எங்க போகும்? சக்கரம் வச்ச பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அலையுதுங்களே.

— பழையபடி மேம்பாலத்துக்கு அடியிலதான். லாரி வந்து திரும்புற இடம்.

— ஏம்மா, இவ்வளவு பெரிய ஊர்ல வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?

— இருந்துச்சுக்கா. பெரிய பங்களாவா இருக்கிற தெருப் பக்கம், இதைவிட விசாலமான இடம். ஆனா அவங்க வக்கீலோட வருவாங்க, வருஷக்கணக்கா இழுத்தடிப்பாங்க. உங்க தெருன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னு கணக்குப் போட்டு நான்தான் பிளானை இங்க வரைஞ்சேன். அதையும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்.

— இதைச் சொல்லவா இந்த வெயில்ல வந்தீங்க?

— சொல்லாம இருக்க முடியலக்கா. உங்க தெருக்காரங்ககிட்ட கருத்துக் கேட்ட கூட்டத்தன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. தடுப்புச் சுவர் கட்டுறோம், மரம் வைக்கிறோம், இருட்டினதும் பூட்டிடுறோம்னு நான் வாய் ஓயாம அளந்துக்கிட்டு இருக்கேன். நீங்க அண்ணனைச் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்தீங்க. மைக்கைக்கூட வாங்கல. வாதம் வந்து பேச்சுப் போன மனுஷன், சின்னச் சத்தம்கூட இவருக்கு ஆகாது, தலையே வெடிச்சிடும்னு சொன்னீங்க. அண்ணன் கண்ணுலேர்ந்து பொலபொலன்னு தண்ணி. பசங்களோட அப்பா அம்மாகூட எழுந்து போயிட்டாங்க. நான் பாத்ரூமுக்குள்ள போய் நின்னு அழுதேன்க்கா.

— நீங்க அழறதுக்கு இதுல ஒண்ணுமில்லம்மா.

— எப்படி இல்லாமப் போகும்? படுத்துக் கிடக்கிறவரை ஊர் முன்னாடி கொண்டுவந்து நிறுத்த வச்சிட்டேனே.

— நிறுத்தினது நான். பாருங்க, நாளைக்குப் போடப் போற அந்தக் கையெழுத்தை நிறுத்த முடியுமா?

— எதுக்கு?

— முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க.

— நீங்களே வந்து ஆட்சேபணை இல்லைன்னு சொன்னா நிறுத்தலாம். ஆனா தெருவே உங்களுக்காகத்தான் நின்னுச்சு. காரணம் கேப்பாங்களேக்கா.

— கேக்கட்டும். நானும் எத்தனை நாளைக்குத்தான் முழுங்கிக்கிட்டே இருக்கிறது? ஒரு ஞாயித்துக்கிழமை மரச் சரிவெல்லாம் கொண்டுவந்து போட்டு, பசங்களை ஓட விட்டுப் பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா?

— சோதனை ஓட்டம். தெருக்காரங்க எல்லாம் வந்து பாக்கட்டும்னுதான் வச்சோம்.

— இவரைப் பின்வாசல்ல காத்தாட உக்கார வச்சிருந்தேன். ஒரு பொடியன் விழறான், எழுந்துக்கிறான், மறுபடியும் விழறான். இவருக்கு வாய் ஒரு பக்கம்தான் அசையும். அந்த ஒரு பக்கத்தாலயே சிரிக்கிறாரு. நல்லா இருக்கிற கையால தொடையைத் தட்டுறாரு. அந்தச் சக்கரச் சத்தம் கிட்ட வர வர முகம் அப்படியே மலருது.

— அண்ணனா?

— அவரேதான். குளிப்பாட்டுறேன், ஊட்டி விடுறேன், கீழ போனதெல்லாம் எடுத்துப் போடுறேன். படுத்ததிலேர்ந்து என் முகத்தைப் பாத்து ஒரு தடவை சிரிச்சதில்லம்மா. யார் பெத்த பிள்ளைங்களையோ பாத்துச் சிரிக்கிறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாற்காலியை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தினேன். அந்தச் சூட்டோடயே வீடு வீடாப் போய் தெருவைக் கூட்டினேன்.

— அப்ப, சத்தம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதா...

— எந்த டாக்டரும் சொல்லல. நான்தான் சொன்னேன்.

— ஆனா கூட்டத்துல அண்ணன் அழுதாரேக்கா. நான் என் கண்ணால பாத்தேன்.

— அவர் என்ன சொல்ல வர்றாருன்னு இந்த உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும். நான் சொல்றது பொய்யின்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்ல வாய் வராமத்தான் அழுதாரு.