காலி சேசிஸ்

இரவு ஒன்றரை மணி. ஆமத்தூர் தாண்டி சிவகாசிக்குப் போகும் சாலை. எதிரே ஒரு வண்டியும் இல்லை.

கதை அங்கேதான். இங்கே கரண்ட் வர நேரமாகும். நெருங்கி உட்காருங்கள்... பீடி வேண்டாம், பின்னால் பட்டாசு குடோன் இருக்கிறது.

நம் முஹ்சினின் மச்சான் அலி அக்பருக்கு நடந்தது இது. 2003, தீபாவளி சீசன். லோடு ஏற்றப் புது லாரி உடனே வேண்டும் என்று முதலாளி பறந்தார். அதனால் சென்னையிலிருந்து சேசிஸை ராவோடு ராவாக ஓட்டி வந்தார் அலி அக்பர்.

அப்போதெல்லாம் புது லாரி பேக்டரியை விட்டு வரும்போது முழு லாரியாக வராது. எஞ்சின், ஸ்டியரிங், சக்கரம்... பின்னால் இரண்டு நீள இரும்புச் சட்டம். அவ்வளவுதான் சேசிஸ். கேபின், பாடி எல்லாம் பட்டறையில்தான் கட்டுவார்கள். அதுவரை டிரைவர் ஒரு பலகையைக் கட்டி உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றில் ஓட்டி வர வேண்டும்.

காலி சேசிஸ் சும்மா வராது. சின்னப் பள்ளத்துக்கும் கடகடவென்று குதிக்கும். வழியெல்லாம் அந்தச் சத்தம்தான் அவருக்குத் துணை.

வெடித்துக் கருகி மூடிக் கிடந்த ஒரு பட்டாசுக் கம்பெனி முன்னால், வேகத்தடையில் மெதுவாக்கினார். கருகிய வெடிமருந்து வாடை மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு... சத்தம் நின்றுவிட்டது.

வண்டி ஓடுகிறது. ஆனால் குதிக்கவில்லை. லோடு ஏற்றிய வண்டி மாதிரி அமுங்கிப் போகிறது. மேட்டில் எஞ்சின் முக்கி முனகியது.

திரும்பிப் பார்த்தார். நிலா வெளிச்சத்தில் இரண்டு சட்டம். நடுவே ஓடும் தார்.

பிறகு கண்ணாடி வளையல் சத்தம்... ஒரு கை இல்லை, பல கைகள்.

டப். டப்.

லோடு வண்டியில் தொற்றி வீட்டுக்குப் போகும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள், நிறுத்தச் சொல்லி இரும்பில் தட்டுவார்களே... அதே தட்டு.

"அண்ணே, வெலக்குல எறங்கணும்ணே."

காதோரம் ஒரு பெண்குரல் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. வாய் கலிமா சொன்னது, கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

டப். டப். இப்போது அவர் உட்கார்ந்திருந்த பலகையில்.

"நிப்பாட்டுங்கண்ணே... பிள்ள தனியாக் கெடக்கும்."

அவர் வீட்டிலும் கைக்குழந்தை. கால் தானாக பிரேக்குக்குப் போனது.

ஊருக்குள் சாலை பிரியும் விலக்கில் வண்டி நின்றது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் கிறீச்சிட்டன. சேசிஸ் கொஞ்சம் எழும்பியது. மறுபடி கொஞ்சம்... ஒவ்வொரு ஆளாக இறங்கினால் எழும்புமே, அப்படி. மண்ணில் மட்டும் ஒரு காலடிச் சத்தமும் இல்லை.

முன்சக்கரத்துப் பக்கமிருந்து அதே குரல்.

"நாளைக்கும் இந்த வண்டிதானாண்ணே?"

பயத்தில் அவர், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு சிவகாசி வரைக்கும் சேசிஸ் பழையபடி குதித்தது. அழுதுகொண்டே ஓட்டினாராம்.

விடிந்ததும் பட்டறைக்காரர் ரத்தினசாமி வண்டியைச் சுற்றி வந்தவர், பின்னால் நின்று கூப்பிட்டார்.

"பாய், யாரு இங்கன சாப்பாட்ட விட்டுட்டுப் போயிருக்காக?"

பின்சட்டத்து போல்ட்டில் ஒரு தூக்குவாளி தொங்கியது. ரத்தினசாமி மூடியைத் திறந்தார்.

கை படாத சோறு... ஆவி பறந்துகொண்டிருந்தது.