காய்ந்த தையலின் படம்

எங்கள் வீட்டில் ஒரு நீலப் போர்வை இருக்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாது. அதிலிருந்தே சொல்கிறேன், டாக்டர்.

என் மனைவிக்கு நீங்கள் இடுப்பு மூட்டு மாற்றினீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் தோளைப் பிடித்துத்தான் நடந்தாள். மாடிப்படி, பேருந்து, குளியலறை, எங்கே போனாலும் என் தோள்தான். வீடு திரும்பிய கொஞ்ச நாளில், ஊன்றுகோலோடு தானே ஜன்னல்வரை போய்விட்டாள்.

"இனிமே உங்க தோளுக்கு லீவு," என்று சிரித்தாள். "அண்ணன் ஊர்ல ஒரு வேலை இருக்காம். கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கப்போறேன்."

நானும் சிரித்தேன்.

தையல் பிரிக்கும்வரை தினமும் காயத்தைப் படமெடுத்து நர்ஸுக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். "கசிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் வந்தா திறந்து கழுவி மூட்டைக் காப்பாத்திடலாம். நீங்களா மாத்திரை குடுத்துடாதீங்க, அப்புறம் என்ன கிருமின்னே தெரியாது." ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

அவள் வேலையைப் பற்றிச் சொன்ன அந்த வாரமே காயத்தின் கட்டுத்துணியில் மஞ்சளாக ஈரம் தெரிந்தது. படமெடுத்தேன். அனுப்பவில்லை. முன்பு ஒருநாள், படம் தெளிவாக இல்லை என்று நர்ஸ் சொன்னதால், காய்ந்த தையலைப் பல கோணங்களில் எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றை அனுப்பினேன். மறுநாள் இன்னொன்று.

"என்ன சார், அந்த நீலப் போர்வையை மாத்தவே மாட்டீங்களா?" என்று நர்ஸ் போனில் கேலி செய்தார்.

"அவளுக்கு அதுதான் பிடிக்கும் சிஸ்டர். துவைச்சு அதையே போத்துறேன்."

"ம்ம். எங்களுக்கும்தான் புருஷன்னு ஒண்ணு வாய்ச்சிருக்கே," என்றார்.

காய்ச்சல் வந்தபோது, என் பல்வலிக்கு வாங்கி மீந்திருந்த மாத்திரையைக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. வலி இறங்கவில்லை. அவள் ஊன்றுகோலை விட்டுவிட்டு மறுபடி என் தோளைப் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். அப்படித்தான் இருக்குமாம்."

அவள் தலையாட்டினாள்.

அவள் சாகவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. தனியாக நடக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும் என்றிருந்தேன். அவளுக்கு நினைவு தப்பிய பிறகுதான் உங்களிடம் தூக்கி வந்தேன். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. மூட்டைக் கழற்றியும் பயனில்லை.

"மாப்பிள்ளை கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டாரு. ஆஸ்பத்திரிதான் கோட்டை விட்டுடுச்சு," என்று அவள் அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை.

ஈரத்தைக் கவனிக்கவில்லை என்று அந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்களாம். அவர் பார்த்த படங்களில் ஈரமே இல்லை. அனுப்பாத படங்கள் இந்த போனில் தேதியோடு இருக்கின்றன. உங்கள் மேசையில் வைக்கிறேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். செய்தது நான்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கடைசி நாட்களில் அவள் என் தோளை விடவே இல்லை. அப்போது அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.